பழைய செஸ்னாவுக்குப் புது எல்இடி லேண்டிங் லைட்: வடிவமைப்பிலிருந்து எஃப்ஏஏ ஒப்புதல் வரை

செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற சிறு விமானங்களில் பலவற்றில் பல்லாண்டுகளாக லேண்டிங் லைட்டாக எரிந்துவந்தது 4509 என்ற எண் கொண்ட சீல்டு பீம் பல்பு. 13 வோல்ட், 100 வாட், மையத்தில் சுமார் 1,10,000 கேண்டெலா. வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயுள்தான் பிரச்சினை. அதன் விவரக்குறிப்பே 25 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. என்ஜின் அதிர்வில் அதற்கு முன்பே இழை அறுந்துபோவதும் உண்டு. அதனால் பல விமானிகள் பகலில் விளக்கைப் போடாமல் மிச்சம் பிடிக்கிறார்கள். மற்ற விமானிகள் தூரத்திலிருந்தே நம்மைப் பார்க்க உதவும் விளக்கு, பல்பு போய்விடுமே என்ற பயத்தில் அணைந்து கிடப்பது நல்லதல்ல. எல்இடிக்கு மாற வேண்டியதன் முதல் நியாயம் இதுதான்.

இந்தக் கட்டுரை எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்து, விமானத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு. விளக்கைச் செய்வது இதில் பாதி வேலைகூட இல்லை. எந்த விமானம், எந்த ஒப்புதல் வழி, எந்தச் சோதனை என்று முதலில் எழுதி முடிவு செய்துவிட்டு அப்புறம் சாலிடரிங் அயர்னைத் தொட்டால் பணமும் காலமும் மிஞ்சும். வரிசை மாறினால் செய்த விளக்கையே மறுபடி செய்ய வேண்டிவரும். நான் முட்டி மோதிக் கற்ற வரிசையை அப்படியே கீழே தருகிறேன். எல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிகளை வைத்து எழுதியது.

1. எல்இடியைத் தேடும் முன் விமானத்தை முடிவு செய்யுங்கள்

“எல்லா சிறு விமானத்துக்கும் பொருந்தும் விளக்கு” என்று தொடங்காதீர்கள். ஒரு மாடலை எடுங்கள். அந்த மாடலின் ஒப்புதல் விவரத்தாளான டைப் சர்டிஃபிகேட் டேட்டா ஷீட்டை எஃப்ஏஏ தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். செஸ்னா 172-க்கு அதன் எண் 3ஏ12, பைப்பர் பிஏ-28-க்கு 2ஏ13. அந்தத் தாளில் ‘சான்றிதழ் அடிப்படை’ என்ற பகுதியைப் படியுங்கள். பழைய 172-கள் சிஏஆர் 3 என்ற முந்தைய விதிப்படி சான்றிதழ் பெற்றவை. 172ஆர், 172எஸ் இரண்டும் சிறு விமானங்களுக்கான பகுதி 23 விதியின் கீழ் வந்தவை. உங்கள் விளக்கு எந்த விதிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

அடுத்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தம்: செஸ்னா 1978 மாடலிலிருந்து 172-ஐ 28 வோல்ட்டுக்கு மாற்றியது. அதற்கு முந்தையவை 14 வோல்ட்.

பல்பின் அளவு: பார்36, பார்46, பார்64 என்று வரும். எண்ணை எட்டால் வகுத்தால் விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். பார்36 என்றால் 4.5 அங்குலம், பார்64 என்றால் 8 அங்குலம். சிறு விமானங்களில் பார்36 மிகப் பரவலாக இருக்கிறது. பெரிய ஜெட்களில் காணும் 600 வாட் பல்பு பார்64.

இடம்: இறக்கையின் முன்விளிம்பில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கிறதா, மூக்கில் கௌலிங் என்ற என்ஜின் மூடியில் இருக்கிறதா, சக்கரக் காலில் தொங்குகிறதா? வெப்பம், அதிர்வு, ரேடியோ இரைச்சல் மூன்றுமே இந்த ஒரு பதிலைப் பொறுத்தவை.

2. ஒப்புதல் வழியைத் தேர்ந்தெடுங்கள்

பொசிஷன் லைட்டுக்கும் ஆன்டி-கொலிஷன் லைட்டுக்கும் டிஎஸ்ஓ என்ற தரநிலைகள் உண்டு (முறையே சி30, சி96). லேண்டிங் லைட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. “டிஎஸ்ஓ வாங்கிவிடலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மிஞ்சுவது இவை:

எக்ஸ்பெரிமென்டல் வகை, அதாவது வான்ஸ் ஆர்வி போல வீட்டில் கட்டிய விமானங்கள். இவற்றுக்குக் கீழே சொல்லும் எஸ்டிசி, பிஎம்ஏ எதுவும் தேவையில்லை. உங்கள் விளக்கு உண்மையான இறக்கையில் வெயிலையும் மழையையும் பார்க்க இது நல்ல தொடக்கம். ஆனால் அந்த விளக்கைச் சான்றிதழ் பெற்ற செஸ்னாவில் மாட்ட முடியாது. பெட்டியின் மேலேயே அதைத் தெளிவாக அச்சிடுங்கள்.

எஸ்டிசி, அதாவது துணை டைப் சான்றிதழ். ஒரே மாடலுக்கும் வாங்கலாம், ‘அப்ரூவ்டு மாடல் லிஸ்ட்’ என்ற பட்டியலோடு பல மாடல்களுக்கும் வாங்கலாம். விளக்கு வியாபாரத்துக்குப் பட்டியல் வழிதான் கட்டுப்படியாகும். முதலில் ஒரு சிறு பட்டியலோடு முடித்துவிட்டு, பிறகு மாடல்களைச் சேருங்கள்.

பிஎம்ஏ என்பது பாகத்தைத் தயாரித்து விற்கும் அனுமதி. எஸ்டிசி கையில் இருந்தால் அதை அடிப்படையாகக் காட்டி பிஎம்ஏ கேட்கலாம். இல்லையென்றால் சோதனையும் கணக்கீடும் காட்டி நேரடியாகவும் கேட்கலாம். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். எஸ்டிசி கிடைத்தாலே விற்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். எஸ்டிசி வடிவமைப்புக்கான ஒப்புதல் மட்டும்தான். சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கென்று பாகம் செய்து விற்பதற்குத் தனியாக உற்பத்தி அனுமதி வேண்டும்.

ஃபீல்டு அப்ரூவல் என்பது ஒரே ஒரு விமானத்துக்கு, 337 படிவம் வழியாக, உள்ளூர் எஃப்ஏஏ ஆய்வாளர் தருவது. சொந்த விமானம் வைத்திருப்பவருக்குச் சரி. உற்பத்தியாளர் இதை நம்பித் திட்டம் போடக் கூடாது. ‘நார்சீ’ என்ற 2016-ஆம் ஆண்டு எளிய வழியும் கட்டாயமில்லாத கருவிகளுக்கானது. அசல் வடிவமைப்பிலேயே இருக்கும் லேண்டிங் லைட்டை எடுத்துவிட்டு வேறு வைப்பதற்கு அதை நம்பாதீர்கள்.

3. விதியை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்

பகுதி 23-இன் பழைய 23.1383 நான்கே விஷயம் கேட்கிறது. விமானியின் கண்ணை ஆபத்தாகக் கூசவைக்கக் கூடாது. விளக்கைச் சுற்றிப் பரவும் ஒளிமூட்டம் விமானியைக் கடுமையாகப் பாதிக்கக் கூடாது. இரவில் இயங்கப் போதுமான வெளிச்சம் தர வேண்டும். எந்த நிலையிலும் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கக் கூடாது. 2017-இல் பகுதி 23 திருத்தி எழுதப்பட்ட பின் 23.2530 வந்தது. அதில் லேண்டிங், டாக்சி லைட்டுகளுக்கு இரவு இயக்கத்துக்குப் போதிய வெளிச்சம் தர வேண்டும் என்ற அளவில் வாசகம் சுருங்கிவிட்டது. பெரிய விமானங்களுக்கு 25.1383.

“போதுமான வெளிச்சம்” என்றால் எவ்வளவு என்று எங்கேயும் எண் இல்லை. இதைக் கண்டு பயப்பட வேண்டாம், இது உங்களுக்குச் சாதகம். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பழைய பல்பை அளந்து, உங்களுடையது அதற்குச் சமம் அல்லது மேல் என்று காட்டிவிட்டால் வாதம் முடிந்தது. அதனால் பழைய பல்புகள் சிலவற்றைப் புதிதாக வாங்கி, ரசீதோடு பத்திரமாக வையுங்கள். அவைதான் உங்கள் அளவுகோல்.

வாடகைக்கு இயங்கும் விமானம் இரவில் பறக்க ஒரு மின் லேண்டிங் லைட் கட்டாயம் என்று 91.205 சொல்கிறது. பயிற்சிப் பள்ளிகளுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் விளக்கு பாதியில் செத்துப்போவது சிறு தொந்தரவாக இருக்காது, அன்றைய இரவுப் பறப்பே ரத்தாகிவிடும்.

4. லூமனை மறந்து கேண்டெலாவைக் கணக்கிடுங்கள்

எல்இடி விற்பவர் லூமனில் பேசுவார். அது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் போகும் ஒளியின் மொத்தக் கணக்கு. வீட்டு ட்யூப்லைட்டும் 2,000 லூமன் தரும், ஆனால் தெருமுனைக்கு எட்டாது. லேண்டிங் லைட்டுக்கு வேண்டியது ஒரே திசையில் குவிந்த செறிவு, அதாவது கேண்டெலா. அதே எல்இடி, அதே வாட், லென்ஸை மட்டும் மாற்றினால் கேண்டெலா பல மடங்கு மாறும்.

அளப்பது எளிது. இருட்டான ஹேங்கரில் விளக்கை ஸ்டாண்டில் வைத்து, 10 மீட்டர் தள்ளி லக்ஸ் மீட்டரைப் பிடியுங்கள். லக்ஸை தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கேண்டெலா. 10 மீட்டரில் 1,100 லக்ஸ் காட்டினால் 1,10,000 கேண்டெலா. அதே விளக்கு 300 மீட்டர் தூரத்தில் ஓடுபாதையில் சுமார் 1.2 லக்ஸ்தான் தரும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எதற்கு இவ்வளவு செறிவு வேண்டும் என்பது புரிந்துவிடும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. விளக்கைப் போட்ட உடனே அளக்காதீர்கள். எல்இடி சூடேற ஏற ஒளி குறையும். அரை மணி நேரம் எரியவிட்டு, வெப்பம் நிலைத்த பிறகு வரும் எண்தான் உண்மை. எல்இடியின் தரவுத்தாளில் உள்ள எண் பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான துடிப்பில் எடுத்தது, அதை அறிக்கையில் வைக்காதீர்கள். இன்னொன்று, பல சிறு லென்ஸ்கள் கொண்ட விளக்கில் ஒளிக்கற்றைகள் ஒன்றாகச் சேரக் கொஞ்சம் தூரம் வேண்டும். 5 மீட்டரில் ஒரு கேண்டெலாவும் 15 மீட்டரில் வேறு கேண்டெலாவும் வந்தால் இன்னும் தள்ளிப்போங்கள். எண் மாறாமல் நிற்கும் தூரத்தில்தான் அளவை எடுக்க வேண்டும்.

லேண்டிங் லைட்டுக்கு ஒடுங்கிய கற்றை, டாக்சி லைட்டுக்குப் பக்கவாட்டில் அகலமான கற்றை. டாக்சிவேயில் திரும்பும்போது ஓரத்துப் புல்லும் பலகைகளும் தெரிய வேண்டும். சில மாடல்களில் இரண்டு இடத்திலும் ஒரே எண் பல்பை மாட்டி, சாய்வை மட்டும் மாற்றியிருப்பார்கள். எல்இடியில் இரண்டுக்கும் ஒரே உடல், ஒரே சர்க்யூட், லென்ஸ் மட்டும் வேறு என்று செய்தால் சோதனைச் செலவு ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்துவிடும். எனக்கு இதுதான் மிகச் சிறந்த ஏற்பாடாகப் படுகிறது.

5. சர்க்யூட்டில் மைக்ரோகன்ட்ரோலர் வேண்டாம்

இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் மைக்ரோகன்ட்ரோலரைப் போட்டால் வெப்பக் கட்டுப்பாடு, விக்-வாக் (இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னுவது), மெதுவாக எரியத் தொடங்குவது எல்லாம் சுலபமாகிவிடும். ஆனால் அதற்குள் மென்பொருள் இருக்கிறது. மென்பொருள் என்றதும் அதற்கான விமானத்துறைத் தரநிலையான டிஓ-178சி பேச்சு வரும், நிரலிடும் சிக்கலான சிப் என்றால் வன்பொருளுக்கான டிஓ-254 வரும். எளிய விளக்குக்கு அந்தக் காகிதங்களைச் சுமக்க வேண்டியதில்லை. வெப்பத்துக்கு ஒரு தெர்மிஸ்டர், விக்-வாக்குக்குச் சாதாரண டைமர் சிப், மின்னோட்டத்துக்கு அனலாக் டிரைவர். இவ்வளவு போதும்.

டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது குறைந்த மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். இரவில் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. லேண்டிங் லைட் மிகவும் தேவைப்படும் நேரம் அது. மூன்று எல்இடி வரிசையாக இருந்தால் அதற்கே 9 வோல்ட் போய்விடும். பக் வகை டிரைவருக்கு மிச்சம் போதாமல் விளக்கு மங்கும். இரண்டிரண்டாக வரிசை போடுங்கள், அல்லது பக்-பூஸ்ட் எடுங்கள். இரண்டாவது வழியில் இரைச்சல் அதிகம் என்பதை மறக்காதீர்கள். நிலையான வாட் எடுக்கும் டிரைவர், மின்னழுத்தம் குறையும்போது அதிக மின்னோட்டம் இழுக்கும்: 45 வாட் விளக்கு 14 வோல்ட்டில் 3.2 ஆம்பியர், 10 வோல்ட்டில் 4.5. பழைய பல்பு 7.7 ஆம்பியர் எடுத்ததால் கம்பியும் பிரேக்கரும் தாங்கும். ஆனாலும் கணக்கை எழுதி வையுங்கள், கேட்பார்கள்.

மேல்பக்கமும் ஆபத்து உண்டு. விமானக் கருவிகளின் சூழல் சோதனைக்கான டிஓ-160 தரநிலையின் 16-ஆம் பிரிவில் 28 வோல்ட் அமைப்பின் ‘இசட்’ வகைக்கு 80 வோல்ட் எழுச்சி 100 மில்லிவினாடி நிற்கும். 17-ஆம் பிரிவின் ‘ஏ’ வகை ஸ்பைக் 600 வோல்ட். 36 வோல்ட் தாங்கும் மலிவு டிரைவர் சிப்பை நேராக பஸ்ஸில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இழை பல்புக்கு ப்ளஸ், மைனஸ் கிடையாது. ஐம்பது வருடப் பழைய விமானத்தில் எந்தக் கம்பி எந்தத் திருகில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. விளக்கு எப்படி மாட்டினாலும் எரிய வேண்டும், குறைந்தபட்சம் தலைகீழாக மாட்டினால் கெடக் கூடாது.

ஒளியைக் குறைக்க பிடபிள்யூஎம் துடிப்பு வேண்டாம். விளக்கு மூக்கில் இருந்தால் முன்னால் புரொப்பல்லர் சுழல்கிறது. 2,400 ஆர்பிஎம்மில் இரண்டு இலை என்றால் நொடிக்கு 80 முறை கற்றை வெட்டுப்படும். துடிக்கும் விளக்கும் சுழலும் இலையும் சேர்ந்தால் கண்ணுக்கு மெல்ல அசையும் நிழல் தெரியும். மின்னோட்டத்தையே அனலாக்காகக் குறைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

6. ரேடியோ இரைச்சல்: பெரும்பாலானோர் தோற்கும் இடம்

விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே 108-லிருந்து வழிகாட்டும் சிக்னல்களான விஓஆர், லோகலைசர். 330 பக்கம் இறங்கும் சாய்வைக் காட்டும் கிளைடு ஸ்லோப். 1575-இல் ஜிபிஎஸ். உங்கள் டிரைவர் சில நூறு கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆனாலும் அதன் ஹார்மோனிக்ஸ் இந்த எல்லைக்குள் வந்து உட்காரும். விளக்கைப் போட்டதும் ரேடியோவில் ஸ்க்வெல்ச் உடைந்து கரகரவென்று சத்தம் வந்தால் அந்த விளக்கை யாரும் வாங்க மாட்டார்கள்.

காரணம் கம்பியில் இருக்கிறது. பழைய விமானத்தில் சுவிட்சிலிருந்து விளக்கு வரை ஒற்றைக் கம்பி ஓடும், ஷீல்டு கிடையாது, பல இடங்களில் உடல்தான் திரும்பும் வழி. இறக்கை நெடுக ஓடும் அந்தக் கம்பியே ஒரு ஆன்டெனா. ஆய்வகத்தில் நல்ல ஷீல்டு கேபிள் போட்டு, ரேடியோ உமிழ்வுக்கான டிஓ-160-இன் 21-ஆம் பிரிவில் பாஸ் ஆகிவிட்டு, விமானத்தில் போட்டதும் கரகரக்கும் விளக்குகள் உண்டு. சோதனைக்கே விமானத்தில் உள்ளதுபோல ஷீல்டு இல்லாத கம்பியைக் கொண்டுபோங்கள். உள்ளே காமன்-மோட் சோக், உலோக உடலோடு நல்ல தொடர்பு, சுவிட்சிங் பாதையை போர்டில் முடிந்த அளவு சிறிதாக வைப்பது, இவைதான் மருந்து. பிறகு ஃபெரைட் மணி மாட்டிச் சரிசெய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

7. வெப்பத்தைக் காகிதத்தில் முடித்துவிட்டு உலோகத்தை வெட்டுங்கள்

45 வாட் உள்ளே போனால், டிரைவர் இழப்பும் எல்இடியில் ஒளியாகாத பகுதியும் சேர்த்து சுமார் 30 வாட் வெப்பமாகிறது. கௌலிங்குக்குள் காற்று 70 டிகிரி என்று வையுங்கள். எல்இடி சந்திப்பு 105 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தால், கையில் இருப்பது 35 டிகிரி. அதாவது ஒரு வாட்டுக்கு 1.2 டிகிரிக்கும் குறைவான வெப்பத் தடை. 4.5 அங்குல விட்டத்துக்குள், காற்றோட்டம் இல்லாமல், இது லேசில் வராது.

அதனால் தெர்மிஸ்டர் வைத்து வெப்பம் ஏறும்போது ஒளி மெல்லக் குறையும்படி செய்யுங்கள். தரையில் நின்றுகொண்டிருக்கும்போது குறைந்து, காற்று வீசும் இறக்கத்தில் முழு ஒளிக்கு வந்துவிட வேண்டும். எந்த நிலையிலும் சட்டென்று அணையக் கூடாது. எந்த வெப்பத்தில் எவ்வளவு குறைகிறது என்ற வரைபடத்தை ஆவணத்தில் சேருங்கள்.

எதிர்ப்பக்கப் பிரச்சினையும் இருக்கிறது. பழைய பல்பு தன் வெப்பத்தால் கண்ணாடி மேல் படிந்த பனியை உருக்கிவிடும். எல்இடியின் வெப்பம் பின்னால் போகிறது, முகம் குளிர்ந்தே இருக்கும். பனி விழும் ஊர்களில் பறப்பவர்களுக்கு இதைக் கையேட்டில் எழுதியே ஆக வேண்டும்.

8. பிடிப்பான் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்

பல்பின் பின்புறம் கண்ணாடிக் கூம்பு, கடைசியில் இரண்டு திருகு. உங்கள் விளக்கின் பின்புறம் ஹீட் சிங்க் துடுப்புகள். விட்டம் சரியாக இருந்தாலும் ஆழம் இடிக்கும். கம்பி லக் துடுப்பில் உரசும், பிடிப்பான் தகடு மூலையில் தட்டும். ஒரே மாடல் விமானத்தில்கூடப் பல ஆண்டுப் பழுதுபார்ப்பில் பிடிப்பான்கள் வளைந்திருக்கும். வேறு வேறு ஆண்டின் சில விமானங்களில் கழற்றி அளந்துவிட்டு, அப்புறம் வரைபடத்தை முடியுங்கள். எடையையும் குறியுங்கள். எல்இடி அலகு பழைய பல்பைவிடக் கனமாக இருந்தால் எடை-சமநிலைத் தாள் மாறும்.

விளக்கின் முகத்தில் ‘மேல்’ என்று பொறியுங்கள். அகலக் கற்றையைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மாட்டினால் ஒளி மரத்துக்கும் சக்கரத்துக்கும் போகும்.

9. சான்றிதழ்த் திட்டம், படிவங்கள், செலவு, காலம்

முதலில் சான்றிதழ்த் திட்டத்தை எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே எப்படிக் காட்டப் போகிறீர்கள் (சோதனையா, கணக்கா, ஒப்பீடா), யார் கையெழுத்திடுவார் என்ற அட்டவணைதான் அதன் உயிர். அது இல்லாமல் ஆய்வகத்தில் நேரம் பதிவு செய்யாதீர்கள்.

வரிசை இப்படி: எஸ்டிசி விண்ணப்பம் 8110-12 படிவம். அதோடு திட்டம். எஃப்ஏஏ திட்டத்தை ஏற்ற பிறகு, சோதிக்கப் போகும் விளக்கு வரைபடத்தோடு ஒத்திருக்கிறது என்று நீங்கள் கையெழுத்திடும் 8130-9. ஒத்திருப்பதை ஆய்வாளர் பார்த்துக் குறிக்கும் 8100-1. பிறகு சோதனைகள். வரைபடங்களையும் அறிக்கைகளையும் டிஇஆர் என்ற அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் பார்த்து 8110-3 தருவார். கூடவே நிறுவும் முறை, தொடர் பராமரிப்பு வழிமுறை, தேவைப்பட்டால் விமானக் கையேட்டுக்குத் துணைத்தாள்.

பெரிய பொறி இங்கே ஒன்று இருக்கிறது. ஒத்திசைவு ஆய்வுக்கு முன்னால் சோதனை நடத்தினால் அந்தச் சோதனை சான்றிதழ்க் கணக்கில் சேராது. அதேபோல் சோதனைக்குப் பின் ஒரு கெப்பாசிட்டரை மாற்றினாலும் ஏன், எதைப் பாதிக்கும் என்று விளக்க வேண்டும். எல்இடி கம்பெனிகள் மாடல்களை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள். வரைபடத்தில் ஒரே பாக எண்ணைக் கட்டிப்பிடிக்காமல், ஒளி, நிறம், வெப்பத் தடை ஆகியவற்றின் எல்லைகளையும் மாற்றுப் பாகங்களையும் முதல் பதிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, உள்நாட்டு எஸ்டிசி விண்ணப்பத்துக்கு எஃப்ஏஏ கட்டணம் வாங்குவதில்லை. ஐரோப்பாவின் ஈயாசா வாங்கும். பணம் போவது மூன்று இடத்தில்: டிஓ-160 ஆய்வகம், டிஇஆரின் மணிக்கூலி, சோதனை விமான வாடகை. ஆய்வகம் பல்லாயிரம் டாலர் கணக்கில் வரும், நாள் வாடகையில் ஓடும், மின்காந்த இரைச்சலை அளக்கும் இஎம்ஐ அறைதான் அதில் பெரிது. எனவே ஸ்பெக்ட்ரம் அனலைசரும் கரன்ட் ப்ரோபும் கடன் வாங்கியாவது உங்கள் மேசையிலேயே முன்சோதனை செய்துவிட்டுப் போங்கள். அதிர்வு, வெப்ப-உயரம், ஈரம், நீர், உப்புப் பனி, மின் உள்ளீடு, ரேடியோ ஆகியவைதான் வழக்கமான பட்டியல். எந்தப் பிரிவுக்கு எந்த வகை என்பதை விளக்கு உட்காரும் இடம் தீர்மானிக்கும். டிஇஆருக்கு அரைகுறை அறிக்கை அனுப்பாதீர்கள். அவர் ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

காலம்: புதியவர் என்றால் ஓராண்டுக்குக் குறைவாகத் திட்டம் போடாதீர்கள். விண்ணப்பம் போட்டதும் உங்கள் வேலைக்கு எஃப்ஏஏ பொறியாளர் கிடைத்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த இடைவெளியில் பராமரிப்பு வழிமுறையை எழுதுங்கள். எல்லோரும் அதைக் கடைசிக்குத் தள்ளி, அதனாலேயே சான்றிதழ் தாமதமாகிறது.

10. விமானத்தில் சோதனை: தரையிலும் இரவிலும்

முதலில் தரையில். என்ஜின் அணைத்த நிலையில் பேட்டரியில் விளக்கைப் போட்டு, காம், நேவ் ரேடியோவை எல்லை முழுக்க அலைவரிசை அலைவரிசையாக மாற்றுங்கள். ஸ்க்வெல்ச்சை உடையும் விளிம்பில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்தும் போட்டும் கேளுங்கள். ஜிபிஎஸ் சிக்னல் பக்கத்தைத் திறந்து பட்டைகள் விழுகின்றனவா பாருங்கள். பிறகு என்ஜினைக் கிளப்பி, ஆல்டர்னேட்டர் ஓடும்போது மறுபடியும். திசைகாட்டி நகர்கிறதா என்பதையும் குறியுங்கள். விக்-வாக் இருந்தால் அது ஓடும்போதும் இவை எல்லாம் வேண்டும்.

இரவில் கண் கூச்சமும் ஒளிமூட்டமும். மேல்-இறக்கை விமானத்தில் ஸ்ட்ரட்டும் சக்கர மூடியும் பக்கவாட்டு ஒளியைப் பிடித்து விமானி பக்கம் திருப்பும். இழை பல்பில் தெரியாத இந்தப் பளபளப்பு வெள்ளை எல்இடியில் முகத்தில் அடிக்கும். விளிம்பில் ஒரு சிறு கறுப்பு வளையம் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் அந்த வளையமும் வரைபடத்தில் இருக்க வேண்டும். மழைத்தூறலிலும் லேசான மூடுபனியிலும் ஒருமுறை பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

11. உற்பத்தியும் விற்பனையும்

பிஎம்ஏ கேட்கும்போது எஃப்ஏஏ உங்கள் தரக் கட்டுப்பாட்டு முறையைப் பார்க்கும். வாங்கும் பாகம் யாரிடமிருந்து, வந்ததும் என்ன பார்க்கிறீர்கள், கெட்டது வந்தால் எங்கே வைக்கிறீர்கள், அளவுக் கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற கேள்விகள்தான். அமெரிக்காவுக்கு வெளியே தொழிற்சாலை வைத்தும் பிஎம்ஏ கேட்கலாம். ஆனால் மேற்பார்வை எஃப்ஏஏவுக்கு அதிகச் சுமையாகாது என்று அவர்கள் கருதினால்தான் கிடைக்கும். முதல் பொருளுக்கு அந்தப் பரீட்சை வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு விளக்கிலும் ‘எஃப்ஏஏ-பிஎம்ஏ’, உங்கள் பெயர், பாக எண் மூன்றும் அழியாமல் இருக்க வேண்டும். மை அச்சு வெப்பத்தில் போய்விடும், லேசரில் பொறியுங்கள்.

12. பெட்டிக்குள் என்ன போக வேண்டும்

மாட்டப்போகும் மெக்கானிக்கை நினைத்து எழுதுங்கள். எஸ்டிசி நகலும் அதைப் பயன்படுத்த உரிமையாளருக்கு உங்கள் அனுமதிக் கடிதமும். மாடல் பட்டியல். எடையும் இருக்கும் இடமும். மின்சுமை எண்கள். திருகு இறுக்கும் அளவு. சாய்வு சரிசெய்யும் முறை: பழைய பல்பின் கற்றை விழுந்த இடத்தைக் கழற்றும் முன்பே சுவரில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாட்டிய பின் ரேடியோ சோதனை.

உங்கள் பாகம் அந்த மாடலுக்கு நேரடி மாற்றாக பிஎம்ஏ பெற்றிருந்தால் பெரும்பாலும் எஃப்ஏஏ சான்று பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக்கின் லாக்புக் பதிவோடு முடிந்துவிடும். எஸ்டிசி வழியில் பெரிய மாற்றமாகக் கருதப்பட்டால் 337 படிவம் வேண்டும். ஐஏ என்ற ஆய்வு அங்கீகாரம் உள்ளவர் கையெழுத்திட்டு, ஒரு பிரதி உரிமையாளருக்கு, இன்னொன்று விமானம் மீண்டும் சேவைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ அலுவலகத்துக்கு. பாதி நிரப்பிய மாதிரி 337-ஐ நீங்களே பெட்டியில் வைத்துவிடுங்கள், மெக்கானிக்குகள் உங்கள் பெயரை நினைவில் வைப்பார்கள்.

தொடர் எண்ணோடு யாருக்கு விற்றீர்கள் என்ற பதிவை முதல் விளக்கிலிருந்தே வையுங்கள். தீ போன்ற கடும் கோளாறு உங்கள் பாகத்தால் வந்தது என்று தெரிந்தால் 21.3 விதிப்படி 24 மணி நேரத்துக்குள் எஃப்ஏஏவிடம் சொல்ல வேண்டும். அன்று வாடிக்கையாளர் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சாதாரணக் கோளாறில் திரும்பி வரும் விளக்கையும் புதியது அனுப்பிவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். பிரித்துப் பாருங்கள். முதலில் ரப்பர் சீலைப் பாருங்கள், பிறகு பின்பக்கத் திருகில் கருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.